ஊருக்கெல்லாம் ஊரைக் காட்டியவர்

திருச்சிக்கு யார் வந்தாலும் முதலில் இன்னாசிராஜுக்குத்தான் போன் வரும். ஊரில் ஓட்டல் இல்லாமல் இல்லை, வாடகைக் கார் இல்லாமல் இல்லை. கையில் இருக்கும் போனே இந்தப் பக்கம் திரும்பு, அந்தப் பக்கம் திரும்பு என்று வழி சொல்கிற காலம். இருந்தாலும் பாலக்கரையில் இருக்கும் அவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறுவார்கள். அண்ணன் மகளின் மாமனார் வீட்டார், பங்குச் சாமியாரின் தம்பி குடும்பம், எப்போதோ ரயிலில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவர் என்று யார் யாரோ வருவார்கள். அவருக்கு எல்லாரும் ஒன்றுதான். வந்தவர்கள் விருந்தாளிகள், அவர்களுக்கு ஊரைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

மன்னார்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர் இன்னாசிராஜ். ஆபீஸில் அவர் இருக்கிற இடமே தெரியாது. மேலதிகாரி கூப்பிட்டால் இரண்டு வார்த்தைக்கு மேல் வாயிலிருந்து வராது. அப்படிப்பட்ட மனுஷன் ஒரு விருந்தாளியைக் கண்டுவிட்டால் போதும், மதகைத் திறந்துவிட்ட மாதிரிதான். இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, பையில் இரண்டு கைக்குட்டை, தோளில் தண்ணீர் பாட்டிலோடு காலை ஏழு மணிக்கே வாசலில் வந்து நின்றுவிடுவார்.

அவருக்கென்று ஒரு வரிசை உண்டு. அதை யார் சொன்னாலும் மாற்ற மாட்டார். "காலையில மலை, மத்தியானம் கோயில், சாயந்தரம் கடைவீதி. வெயில் ஏறிட்டா பாறை சுடும், காலை வைக்க முடியாது. இதை மாத்திச் செஞ்சவங்க எல்லாம் ஊருக்குப் போய் திருச்சின்னா ஒரே சூடுன்னு பேரைக் கெடுத்துட்டாங்க" என்பார். அதனால் முதலில் மலைக்கோட்டை. எந்தப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டும், எந்தத் திருப்பத்தில் காற்று வரும் என்று சொல்லிக்கொண்டே ஏற்றுவார். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற ஆள், சந்நிதிக்குள் போக மாட்டார். மற்றவர்கள் சாமி கும்பிட்டு வரும்வரை அவர்களுடைய பையையும் தூங்கிப்போன குழந்தையையும் சுமந்துகொண்டு வெளியே நிற்பார்.

அடுத்தது ஸ்ரீரங்கம். "ராஜகோபுரத்துக்கு முன்னால நின்னு ஒரு போட்டோ எடுத்துட்டு, பாத்தாச்சுன்னு திரும்பிடாதீங்க. உத்திர வீதி, சித்திரை வீதின்னு காலால நடங்க. மதிலுக்குள்ளயே குடும்பம் நடத்துற ஊரு இது. பால்காரர் வருவார், ஸ்கூல் வேன் வரும், நடுவுல பெருமாள் படுத்திருக்கார்" என்பார். அங்கிருந்து திருவானைக்காவல். உச்சிகால பூஜைக்குச் சரியாகக் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். குருக்கள் புடவை கட்டிக்கொண்டு அம்பாளாக சுவாமிக்குப் பூஜை செய்யப் போவதைப் பார்த்து விருந்தாளிகள் கண்ணை அகல விரிக்கும்போது, அந்தப் புடவையைத் தானே நெய்து கொடுத்த மாதிரி ஒரு பெருமை அவர் முகத்தில் வரும்.

ஒன்றரை மணிக்கு பாலக்கரை வீட்டில் இலை விழும். இலைக்குப் பின்னால் ரோசரி நிற்பாள்.

ரோசரி அவர் மனைவி. பங்குப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தவள். விருந்தாளிகள் லீவு நாளில்தானே வருவார்கள்? அவளுக்கும் அந்த நாள்தான் லீவு. ஆகவே முப்பத்தாறு வருஷத்தில் அவளுடைய லீவு நாட்களில் பாதி மீன் கழுவுவதிலும், சைவக்காரர்கள் வந்தால் சாம்பாருக்குப் புளி கரைப்பதிலும் போயிற்று. சாப்பிட்டுவிட்டு, "ஸார் மாதிரி ஊரைச் சுத்திக் காட்ட ஆள் வேணும்ங்க. நீங்க குடுத்து வச்சவங்க, நெனச்சா போய்ப் பாத்துட்டு வரலாம்" என்பார்கள். அவள் சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி ரசம் ஊற்றுவாள்.

அவள் போய்ப் பார்த்ததே இல்லை. மணப்பாறைப் பக்கத்திலிருந்து கல்யாணம் ஆகி வந்தவள். காந்தி மார்க்கெட் தெரியும், சகாய மாதா கோயில் தெரியும், ஸ்கூல் தெரியும். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து மலைக்கோட்டையை அண்ணாந்து பார்த்திருக்கிறாள். ஸ்ரீரங்கம் கோபுரத்தை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். வந்த புதிதில், "என்னையும் ஒரு நாள் கூட்டிட்டுப் போங்களேன்" என்று கேட்டாள். "நம்ம ஊருதானே ரோசரி, எங்க ஓடிடப் போகுது?" என்றார் இன்னாசிராஜ். மகள் அனிஷா பிறந்து நடக்கத் தொடங்கியபோது மறுபடி கேட்டாள். அப்போதும் அதே பதில்தான். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

இன்னாசிராஜ் கெட்டவர் என்றால் திட்டிவிட்டுப் போய்விடலாம். அவர் அப்படி இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், அவளுக்குத் தலைவலி என்றால் தானே காப்பி போட்டுக் கொடுப்பார். அவளையும் ஒருநாள் சேர்த்துக் கூட்டிப் போகலாம் என்று தோன்றவே இல்லை, அதுதான் விஷயம். உள்ளூர்க்காரர்களுக்கு இந்த வியாதி உண்டு. மலையடிவாரத்தில் கடை வைத்துக்கொண்டு மலை ஏறாதவர்கள் என்.எஸ்.பி. ரோட்டில் எத்தனை பேர்! ஆனால் இவர் இருநூறு தடவை ஏறியவர். இவருக்கு அந்தச் சமாதானமும் கிடையாது.

போன ஆனி மாதம் ரோசரிக்கு வயிற்று வலி வந்தது. சாதாரண வலி என்றுதான் போனார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, கணையத்தில் கட்டி, ஈரல்வரை போய்விட்டது என்றார்கள். டாக்டர் இன்னாசிராஜைத் தனியாகக் கூப்பிட்டார். ரோசரி விடவில்லை. "முப்பது வருஷம் டீச்சரா இருந்தவ நான். எதுவா இருந்தாலும் என் முன்னாடியே சொல்லுங்க டாக்டர்" என்றாள். சில மாதங்கள் என்று டாக்டர் சொன்னார். அதைச் சொல்லும்போது மேஜைமேல் இருந்த பேனாவைத்தான் பார்த்தார்.

ஆட்டோவில் திரும்பி வரும்போது இன்னாசிராஜ் அழுதார். ரோசரி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணு செய்வீங்களா?" என்றாள்.

"சொல்லு ரோசரி. எது வேணும்னாலும் சொல்லு."

"வந்தவங்களைக் கூட்டிட்டுப் போற மாதிரி என்னை ஒரு நாள் கூட்டிட்டுப் போங்க. காலையில ஆரம்பிச்சு, அதே மாதிரி. நடுவுல அவசரப்படுத்தாம, அவங்களுக்குச் சொல்ற மாதிரி எல்லாத்தையும் சொல்லிச் சொல்லிக் காட்டணும்."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் இவர்களைப் பார்த்தார். இன்னாசிராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. முப்பத்தாறு வருஷம் பக்கத்தில் இருந்தவள் இன்னொருத்தர் வீட்டு விருந்தாளி மாதிரி தன்னிடம் கேட்கிறாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை என்று முடிவாயிற்று. தெரிந்த டிரைவர் அப்துல் சலாம் காரோடு வருவதாகச் சொன்னார். ஸ்ரீரங்கத்தில் சக்கர நாற்காலிக்கு ஏற்பாடு ஆனது. மலை ஏற முடியாது, அடிவாரத்தில் காரை நிறுத்திப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவளே சொல்லிவிட்டாள். சனிக்கிழமை அன்று நீலப் புடவை ஒன்றை எடுத்து இஸ்திரிக்குக் கொடுத்தாள். கோயம்புத்தூரில் இருக்கும் அனிஷாவுக்கு போன் போட்டு, "உங்கப்பா என்னை ஊர் சுத்திக் காட்டப் போறாருடி" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அனிஷாவும் வருவதாகச் சொன்னாள். "நீ வேண்டாம், அடுத்த தடவை வா. இது நாங்க ரெண்டு பேரும் மட்டும்" என்றாள் ரோசரி.

திங்கட்கிழமை சாயந்தரம் போன் வந்தது. பெங்களூரிலிருந்து ஸ்தனிஸ்லாஸ். ஆபீஸில் கூட வேலை பார்த்தவரின் மைத்துனர். இன்னாசிராஜ் அவரை ஒரே ஒரு கல்யாணத்தில் பார்த்திருக்கிறார். மனைவி, மூன்று பிள்ளைகள், மாமியார் எல்லாரும் வேளாங்கண்ணி போய்விட்டுத் திரும்பி வருகிறார்கள். "பஞ்சப்பூர் பஸ் ஸ்டாண்டுல இறங்கிட்டோம் ஸார். நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு. உங்களை நம்பித்தான் வந்திருக்கோம்."

முடியாது என்று சொல்வது அவருக்கு வராது. வந்து இறங்கியவர்களிடம் எப்படிச் சொல்வது? வீட்டில் உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. போனைக் கையில் வைத்துக்கொண்டு ரோசரியைப் பார்த்தார். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"போயிட்டு வாங்க" என்றாள். "வந்தவங்களை எப்படி விடுறது? நாம வியாழக்கிழமை போய்க்கலாம். சமைக்க மட்டும் என்னால முடியாது, ஓட்டல்ல பாத்துக்குங்க."

அந்த இடத்தில் அவர், "இல்லை ரோசரி, நாளைக்கு உன்னைத்தான் கூட்டிட்டுப் போவேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் அதற்காகத்தான் ஒரு நிமிஷம் அங்கேயே நின்றாள். இப்போது நினைத்துப் பார்த்தால் அவருக்கே அது தெரிகிறது. அப்போது தெரியவில்லை. "வியாழக்கிழமை கண்டிப்பா" என்றார்.

செவ்வாய்க்கிழமை ஸ்தனிஸ்லாஸ் குடும்பத்துக்கு நல்ல நாள். ஆடி பிறந்திருந்தது, காவிரியில் தண்ணீர் ஓடியது. மலைமேல் நிற்கும்போது காற்று பிய்த்துக்கொண்டு போயிற்று. மாமியார்கூட உச்சிவரை ஏறிவிட்டார். இன்னாசிராஜ் வழக்கம்போல எல்லாவற்றையும் சொன்னார், வழக்கம்போல எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்தபோது ரோசரி படுத்திருந்தாள். மூச்சு வாங்கியது. கேட்டதற்கு, "ஒண்ணுமில்லைங்க, கொஞ்சம் அலுப்பு" என்றாள். புதன்கிழமை காய்ச்சல் வந்தது. வியாழக்கிழமை காலை அப்துல் சலாம் காரைக் கொண்டுவந்து நிறுத்தியபோது ரோசரியை அதே காரில் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். இஸ்திரி போட்ட நீலப் புடவை பீரோவிலேயே இருந்தது.

தில்லை நகர்ப் பக்கம் ஆஸ்பத்திரி. இரண்டு பேர் அறை, பக்கத்துக் கட்டில் காலி. நான்காம் நாள் சாயந்தரம் காய்ச்சல் சற்று இறங்கி ரோசரிக்குத் தெளிவு வந்திருந்தது. இன்னாசிராஜ் ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அதை அவள் சாப்பிடப் போவதில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"சும்மாதானே உக்காந்திருக்கீங்க" என்றாள் ரோசரி. "வந்தவங்களுக்குச் சொல்ற மாதிரி எனக்குச் சொல்லுங்களேன்."

"இங்கேயா?"

"இங்கதான். இனிமே எங்க போறது?"

அவருக்குக் கூச்சமாக இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார். "காலையில மலை, மத்தியானம் கோயில், சாயந்தரம் கடைவீதி" என்று தொடங்கினார். முதலில் குரல் எழும்பவில்லை. மாணிக்க விநாயகர் வாசல் தாண்டி, நூற்றுக்கால் மண்டபம் தாண்டி, தாயுமானவர் சந்நிதிப் படிக்கு வருவதற்குள் குரல் பிடிபட்டுவிட்டது. ரோசரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். எங்கே உட்கார வேண்டும் என்று அவர் சொன்னபோது நிஜமாகவே உட்கார்ந்து இளைப்பாறுகிறவள்போல ஒரு நெடிய மூச்சு விட்டாள். அவர் உச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார். காவிரியைக் காட்டினார், கொள்ளிடத்தைக் காட்டினார், ஸ்ரீரங்கத்தைக் காட்டினார், தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் லூர்து மாதா கோயிலைக் காட்டினார்.

"அங்கேருந்து பாத்தா நம்ம வீடு தெரியுமா?" என்றாள் ரோசரி.

இருநூறு தடவைக்கு மேல் ஏறியிருக்கிறார். எத்தனையோ கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார். படி எத்தனை, பாறைக்கு வயசு என்ன, கோபுரம் எத்தனை அடி, எல்லாம் மனப்பாடம். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. தெரியாது என்று சொல்ல மனசு வரவில்லை.

"தெரியும்" என்றார். "நல்லாவே தெரியும்."

ரோசரி கண்ணைத் திறந்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "நான் நெனச்சேன். நம்ம மாடியில நின்னா மலை தெரியுது, அப்ப மலையில நின்னா மாடி தெரியாமலா இருக்கும்? ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. நீங்க யாரையாவது மேல கூட்டிட்டுப் போற அன்னிக்கெல்லாம் நான் ஒன்பது மணிக்கு மாடிக்குப் போயிடுவேன். கையில ஒரு பெட்ஷீட் எடுத்துக்குவேன். துவைச்சதை உதறுற மாதிரி உங்களைப் பாத்து ஆட்டுவேன். பக்கத்து வீட்டுல பாத்தா துணி காயப் போடுறான்னு நெனச்சுக்குவாங்க." அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரித்தால் வலித்தது. "போன செவ்வாக்கிழமையும் ஏறினேன்."

"இந்த உடம்போடவா?"

"ஒவ்வொரு படியா உக்காந்து உக்காந்து ஏறினேன். அந்தச் செவப்புப் பெட்ஷீட்டு. பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நெசமாவா?"

"நெசமாத்தான் ரோசரி. செவப்பா தெரிஞ்சுது."

அவள் அவர் கையைத் தேடிப் பிடித்தாள். கல்யாணமான புதிதில் பிடித்த பிடி மாதிரி இருந்தது. "நீங்க திருப்பிக் கை காட்டினீங்களா? எனக்கு அங்கேருந்து யாரையும் அடையாளம் தெரியாதுங்க. சின்னச் சின்னதா ஆளுங்க நிக்கிறதுதான் தெரியும். நீங்களும் காட்டுவீங்கன்னு நானே நெனச்சுக்குவேன்."

இன்னாசிராஜ் ஒரு பொய் சொல்லிவிட்டவர். அடுத்ததையும் சொல்லியிருந்தால் யார் குடி முழுகிவிடப் போகிறது? ஆனால் அந்தப் பொய் அவர் நாக்கில் வரவில்லை. நாலு பேர் பார்க்க மனைவியைப் பார்த்துக் கையாட்டுவது என்பது அவர் கற்பனையிலேயே இல்லாத காரியம். அதனால் பழக்கம் வாயைத் திறந்துவிட்டது.

"பக்கத்துல ஸ்தனிஸ்லாஸ் குடும்பமே நின்னுச்சே ரோசரி. அவங்க முன்னாடி எப்படிக் கை காட்டுறது?"

ரோசரி பிடித்த கை அப்படியே இருந்தது, ஆனால் பிடி தளர்ந்துவிட்டது. "ஆமா" என்றாள். "வந்தவங்க இருந்தாங்கள்ல." பிறகு, "கொஞ்சம் கண்ணயர்றேங்க" என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். ஸ்ரீரங்கம் இன்னும் பாக்கி இருந்தது. அவள் கேட்கவில்லை.

கீழே கேன்டீனில் டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் தான் செய்தது என்ன என்று அவருக்குப் புரிந்தது. பார்க்கவே இல்லை என்றாவது சொல்லியிருக்கலாம். கூட்டத்தில் கண்ணில் படவில்லை என்றால் அவள் ஆறிப்போயிருப்பாள். பார்த்தேன், பார்த்தும் சும்மா நின்றேன் என்றல்லவா சொல்லிவிட்டார்! காட்டினேன் என்று ஒரே ஒரு வார்த்தை. அவளால் சரிபார்க்க முடியாத வார்த்தை. அவள் அதை நம்புவதற்குத் தயாராகக் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். டீயை அப்படியே வைத்துவிட்டு, லிப்டுக்குக்கூட நிற்காமல் மூன்று மாடி ஏறி ஓடினார். ரோசரி தூங்கியிருந்தாள். ஊசி போட்டிருக்கிறது, எழுப்ப வேண்டாம் என்றாள் நர்ஸ்.

விழித்ததும் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருந்தார். என்ன சொல்ல வேண்டும் என்று தயாராக வைத்திருந்தார். "சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன் ரோசரி. ஒவ்வொரு தடவையும் கை காட்டினேன்." காலையில் அவளுக்கு மூச்சுத் திணறியது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கோயம்புத்தூரிலிருந்து அனிஷா வந்து சேர்ந்தாள். ஒரு நாளைக்கு ஐந்து நிமிஷம் உள்ளே விடுவார்கள். வாயில் குழாய், மூடிய கண். அவர் குனிந்து காதருகில், "காட்டினேன் ரோசரி" என்றார். "கேக்கும்ங்க, பேசுங்க" என்றாள் அங்கிருந்த நர்ஸ். எல்லாருக்கும் அப்படித்தான் சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும். மறுநாளும் சொன்னார். அதற்கு அடுத்த நாள் சொல்வதற்கு அவள் இல்லை.

அடக்கத்துக்கு யார் யாரோ வந்தார்கள். அவள் கையால் சாப்பிட்டவர்கள் எத்தனை ஊரில் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஸ்தனிஸ்லாஸ்கூட பெங்களூரிலிருந்து வந்து, "அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க வந்திருக்கவே மாட்டோமே ஸார்" என்று கையைப் பிடித்துக்கொண்டு கலங்கினார். அது நியாயம்தான். இன்னாசிராஜுக்கு அவர்மேல் கோபம் இல்லை.

அதற்குப் பிறகு போன் வந்தால் அவர் எடுப்பதில்லை. சாப்பாடு இறங்கவில்லை. மனசு ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. மலையிலிருந்து வீடு தெரியாமல் இருந்துவிட்டால்? பாலக்கரைக்கும் மலைக்கும் நடுவில் எவ்வளவு பெரிய கட்டிடங்கள் வந்துவிட்டன! தெரியாது என்று ஆகிவிட்டால், தான் சொன்னது பொய் மட்டும்தான். பார்த்திருக்க வேண்டியதைப் பார்க்காமல் நின்ற பாவமாவது குறையும். மாதாவிடம் அதைத்தான் வேண்டிக்கொண்டார். வீடு தெரியக் கூடாது தாயே என்று வேண்டிக்கொண்டவர் இந்த ஊரில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் காலை அனிஷாவிடம், "நான் மலைக்கோட்டைக்குப் போறேன்மா. ஒன்பது மணிக்கு நீ மாடியில நின்னு அந்தச் செவப்புப் பெட்ஷீட்டை மலையைப் பாத்து ஆட்டணும்" என்றார். அனிஷா அவரை ஒரு மாதிரி பார்த்தாள். காரணம் கேட்கவில்லை. "சரிப்பா, பாத்து ஏறுங்க" என்றாள்.

யாரையும் கூட்டிக்கொள்ளாமல் அந்தப் படியில் ஏறுவது அதுதான் முதல்முறை. பேச ஆள் இல்லாததால் படி நீண்டுகொண்டே போனது. அறுபத்துமூன்று வயசு, இத்தனை நாளும் காலில் தெரியாதது அன்றைக்குத் தெரிந்தது. உச்சிக்குக் கொஞ்சம் கீழே கம்பித் தடுப்பு போட்ட இடத்துக்கு வந்ததும் கால் தானாக வடக்குப் பக்கம் போய் நின்றது. அங்கே ஆறு ஓடியது, கோபுரம் நின்றது. அதைப் பார்க்கத் திராணி இல்லாமல் பாறையைச் சுற்றிக்கொண்டு தெற்குப் பக்கம் வந்தார். இத்தனை வருஷத்தில் ஒரு விருந்தாளியைக்கூட அவர் அங்கே நிறுத்தியதில்லை.

கண்ணுக்கு எட்டினவரை மாடிகள். தண்ணீர்த் தொட்டிகள், செல்போன் கோபுரங்கள், விளம்பரப் பலகைகள். மார்க்கெட்டுக்கு அப்பால் சகாய மாதா கோயில் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு, அதிலிருந்து இடது பக்கமாகத் தெருத் தெருவாகக் கண்ணை ஓட்டினார். எது எந்த வீடு என்று புரியவில்லை. எல்லாம் ஒன்றுபோல இருந்தது. அப்பாடா என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

போன் அடித்தது. "மாடிக்கு வந்துட்டேன்ப்பா. ஆட்டட்டுமா?"

"ஆட்டும்மா."

தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அத்தனை சாம்பல் நிறத்துக்கு நடுவில் ஒரு துளி சிவப்பு எழும்பியது, தாழ்ந்தது, மறுபடி எழும்பியது. ஒரு கட்டிடமும் மறைக்கவில்லை. சின்னக் குழந்தைகூடக் கையை நீட்டிக் காட்டிவிடும். ஒரே ஒரு தடவை, இருநூறில் ஒரே ஒரு தடவை, இந்தப் பக்கம் திரும்பியிருந்தால் போதும்.

"தெரியுதாப்பா?"

"தெரியுதும்மா" என்றார். "நல்லாத் தெரியுது."

"நீங்க எங்க நிக்கிறீங்க? எனக்கு யாருன்னே தெரியல. கை காட்டுங்க பாப்போம்."

அவர் கையைத் தூக்கி ஆட்டினார். பக்கத்தில் நின்ற குடும்பம் திரும்பிப் பார்த்தது. கண்ணீர் தாடையில் வழிய ஒரு கிழவர் ஒன்றுமில்லாத தெற்கைப் பார்த்துக் கையாட்டுவதை அவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவர் யாரையும் லட்சியம் பண்ணவில்லை.

"காட்டுறேன்மா. காட்டிக்கிட்டேதான் இருக்கேன்."

"ம்ஹும். இங்கேருந்து ஒண்ணும் தெரியலப்பா" என்றாள் அனிஷா. "கை வலிக்குதுப்பா. போதுமா? நிறுத்திடட்டுமா?"

"இன்னும் கொஞ்ச நேரம் ஆட்டும்மா" என்றார் இன்னாசிராஜ்.